நாற்பத்தொன்றாம் படம்

அளவுக்காரிக்கு அழுகையே வரவில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் ஒரு குறையாக இருந்தது. புருஷன் செத்து மூன்றாவது வாரமே கல் பட்டறைக்கு வந்துவிட்டாள். கழுத்தில் டேப், காதோரத்தில் பென்சில், கையில் சாக்கட்டி. எப்போதும் போல வேலையைப் பார்த்தாள். "கல்லை அளந்து அளந்து அவளும் கல்லாயிட்டா" என்று கிரேன்காரர் டீக்கடையில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரிதான் எட்டு மாதமாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் ஆறு அறுப்பு மெஷின், நான்கு பாலீஷ் மெஷின். சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் தரைக்கும் பலகைக் கல் அறுத்துக் கொடுக்கிற இடம். லாரியில் கல் வந்து இறங்கியதும் அளவுக்காரி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவாள். ஈரத்தில்தான் கல்லின் ஓட்டமும் விரிசலும் தெரியும். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். பிறகு ரேகையையும் பழுதையும் ஒதுக்கிவிட்டு எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போடுவாள். ஒன்பது வருஷத்தில் அவள் போட்ட கோட்டால் ஒரு கல்லும் வீணானதில்லை. அவள் கோடு போடுவதோடு ஈரம் முடிந்தது. அதற்கப்புறம் கல் காய்ந்துவிடும். காய்ந்த கல்லை அறுத்தால்தான் வேலை வேகமாக நடக்கும் என்று முதலாளி தண்ணீர்க் குழாயைத் திறக்க விடமாட்டார். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் இறங்கும்போது தூசி தூண் தூணாக நிற்கும். சாயங்காலம் வெளியே வருகிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வயது. தலை, புருவம், மூக்கு முடி எல்லாம் வெள்ளை.

அவள் புருஷன் பதினாறு வருஷம் அங்கே பாலீஷ் போட்டவர். இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். ஒன்றரை வருஷம் மாத்திரை. தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை தனி. பதினோரு வயது மகளை உள்ளே விடவில்லை. அவள் சாப்பாட்டை வாசல்படியில் வைத்துவிட்டு, "அப்பா, வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். கடைசி மாதம் அவர் படுக்கவே முடியாமல், தலையணையை மடித்து முழங்காலில் வைத்து, அதில் முகத்தைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். இப்போது வீட்டில் அவளும் மகளும் கொழுந்தனும் மட்டும். கொழுந்தனுக்கு முப்பத்தொரு வயது. அதே பட்டறையில் மூன்றாம் நம்பர் மெஷினில் கல் அறுப்பவன். அண்ணன் படுத்த நாளிலிருந்து வீடு அவன் தோளில்தான் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸில் இறங்கி வெயிலில் நடந்தே வந்தாள். பட்டறை வாசலில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த நேரம். இரண்டே நாளில் தெரு அவளுக்குக் காலேஜம்மா என்று பேர் வைத்துவிட்டது.

"இந்தத் தடவை என்ன தரப் போறீங்க?" என்று கேட்டார் கிரேன்காரர். "நாலு வருஷம் முன்னாடி உங்க ஆளுங்க வேன்ல வந்தாங்க. நெஞ்சைப் படம் எடுத்தாங்க. குழாயில ஊதச் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு துண்டும் பிஸ்கட்டும் கொடுத்தாங்க. துண்டு ஒரே துவையல்ல சாயம் போயிடுச்சு."

"நான் ஒண்ணும் கொண்டு வரலைங்க. உங்களோட சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணலாமான்னு கேக்க வந்தேன்."

"சேர்ந்துன்னா? நாங்க இருமுவோம், நீங்க எழுதிக்குவீங்க. அதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் இருமலாகி அடங்கியது. காலேஜம்மா முகம் சிவந்து, கையிலிருந்த படிவங்களைப் பையில் திருப்பி வைத்தாள். கை கழுவ எழுந்த அளவுக்காரி அவள் பக்கத்தில் நின்றாள்.

"அந்த வேன்ல எடுத்த படம் எல்லாம் எங்க மேடம்?"

"அது நான் சேர்றதுக்கு முன்னாடிங்க. எனக்குத் தெரியல."

"எங்க வீட்டுக்காரர் படமும் அதுல இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் சேர்றதைப் பத்திப் பேசலாம்."

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். காலேஜம்மா சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். இனி இந்தப் பக்கம் தலை காட்டமாட்டாள் என்று கிரேன்காரர் அடித்துச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல மழையில் அவள் வந்து கதவைத் தட்டினாள். குடையை வெளியே வைத்துவிட்டுப் பையை வயிற்றோடு அணைத்தபடி உள்ளே வந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் இல்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. எங்க ஆபீஸ் மாடியில ஒரு பெட்டியில இருந்துது. அறுபத்து மூணு பேரோட படமும் இருக்கு."

"இவரோடது?"

"நாப்பத்தொண்ணு." அவள் உட்காரவில்லை. "அவருக்கு இருந்தது டி.பி. இல்லைக்கா. கல்தூசி நோய். நுரையீரல்ல தூசி படிஞ்சு இறுகிப் போறது. அப்பவே பாதி போயிருந்துது. படம் பாத்த டாக்டர் அதே வாரம் எழுதிட்டாரு."

அளவுக்காரி அடுப்பைச் சிறிதாக்கினாள். "அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்றது யாரோட வேலைன்னு யாரும் எழுதி வைக்கல. எல்லாத்தையும் கூட்டி, நூத்துக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு இருக்குன்னு கட்டுரை எழுதினாங்க. படம் எடுத்தவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. எங்க பெரிய பேராசிரியர் வேற ஆய்வு ஆரம்பிச்சிட்டாரு. வேணும்னு யாரும் மறைக்கலக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

"அந்த மாத்திரை?"

"இதுக்கு அது கேக்காது."

"இது ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது."

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"அப்ப நான் அப்பா பக்கத்துல படுத்திருக்கலாமாம்மா?"

"படுத்திருக்கலாம்" என்றாள் அளவுக்காரி.

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். காலேஜம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அளவுக்காரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கோ நடந்ததைக் கேட்பது போலத்தான் இருந்தது. நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். பருப்பு அடிப்பிடிக்கிற வாசனைதான் வந்தது. இறக்கி வைத்தாள்.

"நாப்பத்திரெண்டு?" என்றாள். "என் கொழுந்தன் இவருக்குப் பின்னாடிதான் வரிசையில நின்னான்."

காலேஜம்மா பையைத் தொட்டாள். "கவர்ல இருக்குக்கா. ஆனா அதை அவர்கிட்டதான் சொல்லணும். அவர் கேட்டாத்தான் பிரிக்கணும்."

"நாலு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்ததுக்கும் சட்டம் இருந்துச்சு. இப்ப என்கிட்ட சொல்லாம இருக்கறதுக்கும் சட்டம் இருக்கு."

"இருக்குக்கா" என்றாள் காலேஜம்மா. அவள் சால்ஜாப்பு எதுவும் சொல்லாதது அளவுக்காரிக்குப் பிடித்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்போது கொழுந்தன் நனைந்துகொண்டே வந்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அண்ணனைப் பற்றிச் சொன்னபோது தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தன்னுடைய கவரைப் பற்றிச் சொன்னதும் மறுபடி துவட்ட ஆரம்பித்தான்.

"எனக்கு வேணாம்."

"ஏம்ப்பா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன் அண்ணி? வேற என்ன வேலை தெரியும் எனக்கு? பொண்ணு பேசி முடிச்சிருக்கு. அவங்கப்பா வந்து உடம்புக்கு எப்படின்னு கேட்டா இப்ப நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். அந்தக் கவரைப் பிரிச்சிட்டா அப்புறம் அது பொய்யாயிடும்."

"நீங்க எப்பக் கேட்டாலும் கொண்டு வர்றேங்க" என்று காலேஜம்மா கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அளவுக்காரி கூடப் போனாள். ஒரு குடையில் இருவருக்கும் பாதி பாதி நனைந்தது.

"அடுத்த ஞாயிறு வாங்க மேடம்" என்றாள் பஸ் வரும்போது. "பள்ளிக்கூடத்து ரூமைக் கேட்டு வைக்கிறேன். அந்தப் படிவத்தை எடுத்துட்டு வராதீங்க."

அந்தக் கூட்டத்துக்கு ஆண்கள் ஏழு பேர், பெண்கள் இருபத்தாறு பேர் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முட்ட முட்ட உட்கார்ந்தார்கள். காலேஜம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவன் எழுந்து பெஞ்சை உதைத்துவிட்டுப் போனான். அவள் அப்படியே நின்று வாங்கிக்கொண்டாள். சத்தம் ஓய்ந்ததும், அடுத்து என்ன ஆராய்ச்சி செய்ய நினைத்தீர்கள் என்று அளவுக்காரி கேட்டாள்.

"உங்க வாழ்க்கைத் தரத்தைப் பத்தி நூத்துப் பதினெட்டுக் கேள்வி" என்றாள் காலேஜம்மா தயங்கி.

"அது எங்களுக்கே தெரியுமே" என்றாள் கல் லாரி டிரைவரின் மனைவி. "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவர் போட்டுட்டு வர்ற துணியைப் பிள்ளைங்க துணியோட ஊறப் போடலாமா?"

"தெரியலக்கா. நான் அறிஞ்சவரைக்கும் அதை அளந்து யாரும் பாக்கல."

"அப்ப அதை அளங்க."

"தண்ணி விட்டு அறுத்தா எவ்வளவு தூசி குறையும்? வேலை எவ்வளவு தாமதமாகும்? அதையும் அளந்தா முதலாளிகிட்ட பேசலாம்" என்றார் கிரேன்காரர். அவர் வந்திருந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம்.

"பட்டறையில ஆம்பளைங்க மட்டுந்தானா? நாங்க பெருக்கறோம். எங்களை ஏன் வேன்ல ஏத்தல?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

காலேஜம்மா கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தாள். நூற்றுப் பதினெட்டில் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசியில் அளவுக்காரி எழுந்தாள். இரண்டு விஷயம் சொன்னாள். படம் எடுத்தால் முடிவு முதலில் அந்த ஆளுக்கு வரவேண்டும், கட்டுரை அப்புறம். அதைச் சொல்ல வருகிறவர்கள் இரண்டு பேராக வரவேண்டும், ஒருவர் அங்கிருந்து, ஒருவர் இந்தத் தெருவிலிருந்து.

"இந்தத் தெருவுல யாரு?" என்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்திராமல் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

இதற்கு அனுமதி வாங்க அவள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அரை நாள் லீவு. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, நீளமான கறுப்புக் கல் மேஜை. பழக்கதோஷத்தில் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். எட்டடிக்கு மூன்றரை அடி இருக்கும். அவர்கள் பட்டறையில் அறுக்கிற கல் இல்லை, வேறெங்கிருந்தோ வந்தது. எதிரே பெரிய பேராசிரியர். நரைத்த, சாதுவான மனிதர். அவர்தான் அந்த வேனை அனுப்பியவர்.

"அந்தக் காலத்து நடைமுறை அப்படிம்மா" என்று ஆரம்பித்தார். "தனித்தனியா முடிவு சொல்றது திட்டத்துல இல்ல. ஆனா அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு நிறைய இடத்துல..."

"நாப்பத்தொண்ணு யாருன்னு தெரியுமா சார்?"

அவர் காலேஜம்மாவைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். "தெரியாது" என்றார் கடைசியில்.

"எங்க வீட்டுக்காரர். பாலீஷ் போடறவர். நாப்பத்து நாலு வயசு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றார்.

"சரி சார்" என்றாள். இதைக் கேட்டால் ஏதாவது ஆகும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் மனதாரத்தான் சொன்னார், அது தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தை வந்து சேருமிடத்தில் ஆள் இல்லாதது போலிருந்தது. "அந்த ரெண்டு விஷயத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வேலை. காற்றை இழுத்துத் தூசியைப் பிடிக்கிற, சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மோட்டாரை எப்படிப் பொருத்துவது, உள்ளே தூசி படிகிற வடிதாளை விரல் படாமல் எப்படி எடுப்பது என்று காலேஜம்மா காட்டிக் கொடுத்தாள். அளவுக்காரிக்குக் கை பழக ஒரு நாள் போதும். காலேஜம்மாவின் மாணவர்களைவிடச் சுத்தமாகச் செய்தாள். முதலாளி உள்ளே மோட்டார் வரக்கூடாது என்றார். கிரேன்காரர் தன் சட்டைக்கு உள்ளே மாட்டிக்கொண்டு, "நெஞ்சு துடிக்குதா மோட்டார் ஓடுதான்னே தெரியல" என்று திரிந்தார். முதலாளி இல்லாத ஒரு நாள் குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டு அறுக்கும்போதும் அளந்தார்கள். துவைத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். சாயங்கால நேரங்களில் பள்ளிக்கூடத்து அறையில் உட்கார்ந்து, அந்தப் பழைய படங்களின் முடிவை எந்த வார்த்தையில் சொல்வது என்று எழுதி எழுதி அடித்தார்கள். 'பாதிப்பு' என்ற வார்த்தையைப் பெண்கள் எடுக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போகாதே என்று எழுதலாமா என்று இரண்டு மணி நேரம் சண்டை. வேண்டாம், அந்தந்த வீட்டு அடுப்பு அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும், நாம் யார் சொல்ல என்று வாதாடி அதை எடுக்க வைத்ததும் அளவுக்காரிதான்.

கொழுந்தன் இதில் எதிலும் தலையிடவில்லை. வந்தான், சாப்பிட்டான், படுத்தான். ஒரு நாள் காலையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான். பத்துப் படிதான். ஆறாவது படியில் இறக்கி வைத்துவிட்டு நின்றான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் அவனுக்குப் பொறுக்காது என்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மீதி நாலு படியும் ஏறி வந்து சிலிண்டரைப் பொருத்தினான்.

"அந்தக் கவர் இன்னும் இருக்கா அண்ணி?"

"இருக்கு."

"நீங்க படிப்பீங்களா?"

"நான்தான் படிக்கணும். மேடமும் வருவாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் காலேஜம்மா வந்தாள். அந்தத் தெருவில் பிரித்த முதல் கவர் அதுதான். கொழுந்தன் முகம் கழுவி, தலை சீவி, வெளியூர் போகிறவன் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மகள் அவன் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். போகச் சொல்லவில்லை யாரும்.

அளவுக்காரி படித்தாள். "இது உங்க நெஞ்சுப் படத்தைப் பத்தின முடிவு. நாலு வருஷம் முன்னாடியே இதை உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு. உங்க நுரையீரல்ல கல்தூசி படிஞ்சிருக்கு. அப்ப அது ஆரம்ப நிலை. இது டி.பி. இல்ல. யாருக்கும் ஒட்டாது. மருந்தால இதைப் போக்க முடியாது. தூசியை விட்டு விலகினா இது கூடற வேகம் குறையலாம். இப்ப எப்படி இருக்குன்னு தெரிய மறுபடி படம் எடுக்கணும். கூட நாங்க வர்றோம்."

ஒவ்வொரு வரியும் அவர்கள் அடித்துத் திருத்தி எழுதியது. தடங்கலில்லாமல் படித்துவிட்டாள். கொழுந்தன் தலையாட்டினான்.

"அண்ணனுக்கு இதைச் சொல்லியிருந்தா?"

காலேஜம்மா வாயெடுத்தாள். அளவுக்காரி முந்திக்கொண்டாள். "தெரியலப்பா. ஒருவேளை இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு. நிச்சயமா இவ பக்கத்துல படுத்திருப்பாரு."

"திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகலாமா கூடாதா? அது எழுதலையே?"

"அதை நாங்க எழுதல" என்றாள் காலேஜம்மா மெதுவாக.

அளவுக்காரி தாளை நான்காக மடித்து அவன் கையில் கொடுத்தாள். "பேப்பர்ல இருந்தது முடிஞ்சுது. இது உன் அண்ணியா சொல்றேன். போகாத."

அவன் தாளைச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "பொண்ணு வீட்டுக்கு நீங்களும் வாங்க. நானே சொல்லிடறேன்" என்றான்.

அவன் பால் வண்டி ஓட்டப் போனான். பெண்ணின் அப்பா ஒரு மாதம் யோசித்தார். பெண் யோசிக்கவில்லை. கல்யாணம் நடந்தது. மறுபடி எடுத்த படத்தில் நோய் ஒரு படி கூடியிருந்தது. ஒரு படிதானே என்று அவன் சொல்லிக்கொண்டான். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி எவ்வளவு குறைகிறது என்ற தாளைப் பத்துப் பேர் கையெழுத்தோடு முதலாளியிடம் நீட்டினார்கள். ஆறு மெஷினில் இரண்டுக்குக் குழாயைத் திறக்க விட்டார். மீதிக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. துணியைத் தனியாகத்தான் ஊறப் போட வேண்டும் என்று தெரிந்தது. ஒரு மழைக்காலத்துக்குள் அறுபது கவரைப் பிரித்துப் படித்துவிட்டார்கள்.

நோய் இருந்த இருபத்து நாலு பேரில் மூன்று பேர் முன்பே இறந்திருந்தார்கள். ஒருவர் அவள் புருஷன். ஒருவருடைய குடும்பம் வேறு ஊருக்குப் போயிருந்தது. அந்தக் கவரோடு காலேஜம்மா விலாசம் தேடிக்கொண்டு போனாள். மீதி ஒரு வீடு. காலேஜம்மா ஊரில் இல்லாத வாரம். இருவராகத்தான் போகவேண்டும் என்று விதி போட்டவளே அன்று தனியாகப் போனாள். வேறொரு பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. நாற்பது வயதுப் பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அளவுக்காரி அந்தத் தாளைப் படித்தாள். அது உயிரோடு இல்லாதவர்களின் வீட்டுக்கென்று தனியாக எழுதிய தாள். நாலே வரி.

அந்தப் பெண் துணிக்குவியலை மார்போடு அணைத்தபடி கேட்டாள். "இப்ப வந்து சொல்றியே. எனக்கு என்ன ஆகப் போகுது?"

பள்ளிக்கூடத்து அறையில் இத்தனை நாள் எழுதியும் இந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அளவுக்காரி எழுந்து போகவில்லை.

"தெரியலக்கா" என்றாள்.

அந்தப் பெண் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து சத்தமாக அழுதாள். அளவுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அழுகை எங்கே தொடங்குகிறது, எங்கே தாழ்கிறது, மறுபடி எங்கே ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இப்போதும் அழுகை வரவில்லை. வெயில் சாய்ந்து அறைக்குள் வந்தது. கட்டிலில் கிடந்த துணியில் ஒன்றை எடுத்து மடித்தாள். பிறகு இன்னொன்று. அதற்குள் அந்தப் பெண்ணும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு போர்வையை எடுத்து, அதன் மறுமுனையை அளவுக்காரியின் பக்கம் நீட்டினாள்.